ஐந்தடிக்குக் கீழே இருக்கும் பெண்களுக்கு ரோட் பைக்: அளந்து வாங்குவது எப்படி?

என் உயரம் 4 அடி 11 அங்குலம். முதல் ரோட் பைக் (தார் ரோட்டில் வேகமாக ஓட்டும், வளைந்த ஹேண்டில்பார் சைக்கிள்) வாங்கப் போன கடையில், இருந்ததிலேயே சின்னதை எடுத்து நிறுத்தி, “சீட்டை இறக்கிட்டா சரியாயிடும் மேடம்” என்றார்கள். இறக்கினோம், கால் எட்டியது. ஆனால் இருபது கிலோமீட்டர் தாண்டினால் கழுத்து வலிக்கும், உள்ளங்கை மரத்துப்போகும். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஃபிரேமின் நீளத்தைக் குறைக்க முடியாது. அது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

1. முதலில் கால் அளவு. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் அழுந்துமே, அந்த அளவுக்கு மேலே தூக்குங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பு படும் இடத்தில் சுவரில் பென்சில் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு எனக்கு 69 செ.மீ. அதை 0.883-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 61. கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை வைக்க வேண்டிய உயரம் இது. ஆரம்பக் கணக்குதான், ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம்.

2. சைஸ் எழுத்தை நம்பாதீர்கள், ரீச்சைப் பாருங்கள். ஒரு கம்பெனியின் எக்ஸ்எஸ் இன்னொரு கம்பெனிக்கு எஸ். ரீச் என்பது கிராங்க் அச்சுக்கு நேர் மேலிருந்து ஹெட் டியூப்பின் (ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் ஃபிரேமின் முன்குழாய்) உச்சி வரை உள்ள கிடைமட்ட தூரம். கம்பெனி வெப்சைட்டின் அளவுப் பட்டியலில் இருக்கும். டாப் டியூப் (ஃபிரேமின் மேல்குழாய்) நீளம் ஏமாற்றும்: சின்ன சைஸ்களில் சீட் டியூப்பை (சீட் கம்பி நுழையும் குழாய்) நிமிர்த்தி வைத்தாலே அந்த எண் குறைந்துவிடும், ரீச் அப்படியே இருக்கும். வாங்கிய பிறகு முழங்காலுக்காக சீட்டைப் பின்னால் தள்ளுவீர்கள். கை மறுபடியும் எட்டாது.

3. கால் இடிக்கிறதா? பெடலை முன்னால் கிடைமட்டமாக வைத்து ஹேண்டில்பாரைத் திருப்புங்கள். சின்ன ஃபிரேமில் 700சி சக்கரம் (ரோட் பைக்கின் வழக்கமான பெரிய சைஸ்) இருந்தால் ஷூ நுனி அதில் படலாம். வேகமாகப் போகும்போது அவ்வளவு திருப்ப மாட்டோம். யூ டர்னில்தான் கவனம் வேண்டும். 1985-இல் அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி தொடங்கிய நிறுவனம் இதற்காகவே சின்ன ஃபிரேம்களில் முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாக்கியது. அருமையான யோசனைதான், டயர் தேடி அலையத் தயாராக இருந்தால்.

4. மாற்ற வேண்டிய பாகங்கள். ஹேண்டில்பார் தோள் எலும்பு அகலத்துக்கு இருக்கட்டும். எனக்கு 36 செ.மீ. ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் முன்நீட்டிய துண்டு) 70 அல்லது 80 மி.மீ. போதும். கிராங்க் 170 மி.மீ. வந்தால் 165, கிடைத்தால் 160 கேளுங்கள். 10 மி.மீ. குறைத்தால் சீட்டை 10 மி.மீ. ஏற்றிக்கொள்ளலாம். பெடல் மேலே வரும்போது முழங்கால் வயிற்றில் முட்டாது, ஷூ இடிப்பதும் குறையும். சீட்டைப் பொறுத்தவரை ‘லேடீஸ்’ என்ற பெயரும் பிங்க் நிறமும் கணக்கில்லை, உட்காரும் எலும்புகளின் இடைவெளிதான் கணக்கு.

5. பிரேக் லீவர். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான லீவர்களில் ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. திருகினால் லீவர் பாரை நோக்கி உள்ளே வரும். ஹேண்டில்பாரின் வளைந்த பகுதியின் அடியில் கை வைத்து, இரண்டு விரலால் இழுத்துப் பாருங்கள். விரல் நுனி மட்டும் தொட்டால் இன்னும் திருகுங்கள். பிறகு முழு பலத்தோடு அழுத்துங்கள். லீவர் பாரில் முட்டினால், பிரேக்கை டைட் செய்து வாங்காமல் கடையைவிட்டு வெளியே வராதீர்கள்.