ஓடும் இண்டிகேட்டர்: காரில் ஏற்றுமுன் திருத்த வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர், தம் அண்ணனின் காருக்காகச் செய்த வரிசை இண்டிகேட்டர் போர்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளிருந்து வெளிப்புறமாக ஒளி ஓடும் அந்தச் சுற்றைப் பல ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலில் செய்தபோது எங்கெங்கே சறுக்கினேனோ, அங்கெல்லாம் அவரும் சறுக்கியிருந்தார். எல்இடியைத் தலைகீழாகப் பொருத்துவது, சால்டரிங் சரியாகப் பிடிக்காமல் விடுவது போன்றவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை மேசையிலேயே தெரிந்துவிடும்.

4017-ஐ அப்படியே பயன்படுத்துவது

துடிப்பு தரும் 555 டைமர் ஐசியையும் அந்தத் துடிப்பை எண்ணும் 4017 கவுண்டர் ஐசியையும் இணைத்தால் ஒளி ஓடும் என்பது உண்மைதான். ஆனால் 4017 ஒரு நேரத்தில் ஒரே ஒரு வெளியீட்டை மட்டும் உயர்த்துவதால், கல்யாண மண்டபத்துச் சீரியல் விளக்கைப் போல ஒற்றைப் புள்ளிதான் ஓடும். இண்டிகேட்டருக்கு வேண்டியதோ, எரிந்த விளக்கு அணையாமல் நிற்க, அடுத்தது அதனுடன் சேர்ந்துகொள்வது. 1965-ஆம் ஆண்டு ஃபோர்டு தண்டர்பேர்டில், ஐசி எதுவும் இல்லாமல், ஒரு சிறு மோட்டார் சுழற்றும் சுவிட்சுகளைக் கொண்டே பக்கத்துக்கு மூன்று பல்புகளை இப்படி எரியவைத்தார்கள். இன்று 74எச்சி164 போன்ற ஷிப்ட் ரிஜிஸ்டரின் உள்ளீட்டை உயர்நிலையில் கட்டிவைத்தால் போதும். ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் ஒரு வெளியீடு கூடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இண்டிகேட்டர் ஒயரிலிருந்தே மின்சாரம் எடுக்கும்போது, இரண்டு சிமிட்டல்களுக்கு இடையில் கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்னூட்டம் ஐசியை உயிரோடு வைத்திருக்கும். அதனால் இரண்டாவது சிமிட்டலில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரியும். 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டருக்கு இணையாக 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் இடைவெளிக்குள் அது வடிந்துவிடும்; ஒவ்வொரு முறையும் ரீசெட் ஆவதற்கான ஏற்பாட்டையும், வெளியீடுகளை அழிக்கும் கிளியர் முனையில் தனியாகச் செய்தாக வேண்டும்.

12 வோல்ட் என்று நம்புவது

என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும். எல்இடி ரெசிஸ்டரை அதற்கே கணக்கிடுங்கள்.

லோடு ரெசிஸ்டரைக் கண்ட இடத்தில் ஒட்டுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

பின் இண்டிகேட்டரில் வழக்கமாக இருப்பது 21 வாட் பல்பு. அது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். அந்த இடத்தில் கால் ஆம்பியர்கூட இழுக்காத எல்இடி வரிசையை வைத்தால், இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் பிளாஷர் ரிலே, பல்பு போய்விட்டதாக எண்ணிக்கொண்டு இரட்டை வேகத்தில் சிமிட்டத் தொடங்கும். உடனே கடைக்காரர், பல்புக்குப் பதிலாகக் கரண்டை இழுக்க, தங்க நிறத்தில் ஒரு 6 ஓம், 50 வாட் லோடு ரெசிஸ்டரை எடுத்து நீட்டுவார். அதை இணைத்ததும் சிமிட்டல் வேகம் சரியாகிவிடுவதால், வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். இருபக்க டேப்பால் அதை டெயில் லாம்ப்பின் பிளாஸ்டிக் முதுகிலேயே ஒட்டிவைத்தேன். திருப்பங்களில் பத்து விநாடி எரிந்து அணைவதால் பல மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. ஒரு மழை இரவில் விழுப்புரத்தைத் தாண்டி வண்டி நின்றுபோனது. இழுவை வண்டி வரும்வரை ஒரு மணி நேரம் ஹசார்டு விளக்கைப் போட்டுவைத்திருந்தேன். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்து டிக்கியைத் திறந்தபோது, லாம்ப்பின் பின்புறம் குழைந்து ரெசிஸ்டர் அதற்குள் பாதி புதைந்திருந்தது. பக்கத்து ஒயரின் உறையும் உருகிச் செம்பு வெளியே தெரிந்தது. ஷார்ட் ஆகாமல் போனது என் அதிர்ஷ்டம். முந்நூறு ரூபாய்ச் சுற்றுக்காக இரண்டு டெயில் லாம்ப்புகளையும் மாற்ற வேண்டியதாயிற்று.

கணக்கை முன்பே போட்டிருக்கலாம். 14 வோல்ட்டில் 6 ஓம் ரெசிஸ்டர், எரியும் நேரத்தில் 33 வாட் வெப்பத்தைக் கக்கும். பாதி நேரம் அணைந்திருந்தாலும் சராசரி 16 வாட். நாம் கையில் பிடிக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். ரெசிஸ்டர்மேல் பொறித்திருக்கும் 50 வாட் என்பது, போதிய அளவுள்ள உலோகத் தகட்டில் திருகி முடுக்கியிருந்தால் மட்டுமே பொருந்தும். காற்றில் தொங்கவிட்டால் அதில் பாதிகூடத் தாங்காது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எல்இடியை மாட்டிவிட்டு, மிச்சமான மின்சாரத்தை அடுப்பாக எரிப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

சரியான வழி, இழுக்கும் கரண்டைப் பார்க்காமல் நேரக்கணக்கில் சிமிட்டும் எல்இடி பிளாஷர் ரிலேயை வாங்கி மாற்றுவது. அதற்குப் பெரும்பாலும் மூன்றாவது முனையாக எர்த் வேண்டும். பழைய சாக்கெட்டில் இரண்டே முனைகள் இருந்தால் பாடியிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக்கொள்ள வேண்டும். தனி ரிலே இல்லாமல் கணினியே சிமிட்டலைக் கவனிக்கும் புதிய கார்களில் மட்டும் ரெசிஸ்டரைத் தவிர்ப்பது கடினம். அங்கே அதைப் பாடியின் இரும்புத் தகட்டில் ஹீட்சிங்க் பேஸ்ட் தடவித் திருகுங்கள். பிளாஸ்டிக்கும் ஒயரும் ஒரு கை அகலம் தள்ளியே இருக்கட்டும். பிறகு என்ஜினை ஓடவிட்டு அரை மணி நேரம் ஹசார்டு விளக்கைப் போட்டு, ரெசிஸ்டர்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுர்ரென்றால் இடத்தை மாற்றியாக வேண்டும்.

ஓட்டத்தை ரசிக்க நேரம் கொடுப்பது

அந்த மாணவர் ஒரு விளக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் கால் விநாடி வைத்திருந்தார். நிமிடத்துக்கு 90 சிமிட்டல் என்றால் ஒவ்வொரு சிமிட்டலிலும் ஒளி எரிவதே மூன்றில் ஒரு பங்கு விநாடிதான். அவருடைய நான்காவது விளக்கு எரிய வாய்ப்பே இல்லை. ஐ.நா. வாகன விதியும் ஓட்டம் 200 மில்லிவிநாடிக்குள் முடிய வேண்டும் என்றே சொல்கிறது. 50 மில்லிவிநாடி வைத்தால் நான்காவது விளக்கு 150-இல் எரிந்துவிடும்.

ஐசியிலிருந்து நேராக எல்இடிக்கு

இடையில், எல்இடிக்கான கரண்டைத் தாங்கும் டிரைவர் ஐசியான யூஎல்என்2003 ஒன்றை வையுங்கள்.

ஃபியூஸ் போடாமல் விடுவது

மாணவரின் போர்டிலும் ஃபியூஸ் இல்லை. 1 ஆம்பியர் ஒன்றைக் கையில் கொடுத்தேன்.