சக நாவலாசிரியரைத் தனக்கென்று படிப்பது எப்படி

சேலத்தில் இருந்துகொண்டு நாவல் எழுத முனைகிறவர்கள், தம் மனத்தைக் கவர்ந்த சக எழுத்தாளரின் நாவலை, மதிப்புரைக்காகவோ கூட்டத்தில் பேசுவதற்காகவோ அல்லாமல், தமக்கென்று மட்டும் ஒருமுறை படிக்க வேண்டும். வியப்பை உடனே வெளியில் சொல்லிவிட்டால் அது பாராட்டோடு நின்றுவிடும். சில காலம் மனத்திலேயே வைத்திருந்தால், இதை இவர் எப்படிச் செய்தார் என்ற கேள்வியாக முற்றும்.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொட வேண்டாம். சில நாள் கழித்து, புத்தகத்தைத் திறக்காமலே, நினைவில் நிற்கும் காட்சிகளை எழுதிக்கொண்டு, அந்தப் பக்கங்களுக்கு மட்டும் திரும்பிச் செல்லுங்கள்.

கொங்கு வட்டாரத்தை எழுதுகிறவர்களுக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நல்ல தொடக்கம். 1942-இல் வெளிவந்த அந்த நாவலில், கணவனை இழந்த ஒருத்தி நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். மாந்தர்கள் கொங்குப் பேச்சில் பேசுகிறார்கள்; ஆசிரியர் கூற்றோ பொதுவான எழுத்துத் தமிழில் செல்கிறது. அதிலிருந்து ஓர் உரையாடலைக் கையால் படியெடுங்கள். தட்டச்சில் விரல் முந்திக்கொண்டு ஓடிவிடும். பேனாதான் ஒவ்வொரு சொல்லிலும் நம்மை நிறுத்தும். யார் பேச்சைத் தொடங்குகிறார், யார் பதில் சொல்லாமல் இருக்கிறார், கேள்வி எந்த இடத்தில் ஏச்சாக மாறுகிறது என்பவற்றை ஓரத்தில் குறியுங்கள். அடுத்து, அதே பேச்சைப் பொதுத் தமிழில் மாற்றி எழுதுங்கள். எந்தச் சொல்லை மாற்றியதும் கோபம் தணிந்துபோகிறதோ, அந்தச் சொல்லை அவர் ஏன் அங்கே வைத்தார் என்பது அப்போது புலப்படும்.

வங்க எழுத்தாளர் விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் 'பதேர் பாஞ்சாலி' நாவலைத் தமிழில் தந்தவரும் சண்முகசுந்தரமே. ஒரு நாவலாசிரியர் இன்னொருவரை வரிக்கு வரி அறிவதற்கு மொழிபெயர்ப்பைவிட நெருக்கமான வழி இல்லை என்றே நான் கருதுகிறேன். வேறு மொழி அறிந்தவர்கள், வெளியிடும் எண்ணம் இல்லாமலேனும், பிடித்த நாவலின் ஒரு பகுதியைப் பெயர்த்துப் பார்க்கலாம்.

இவ்வளவு ஆழ்ந்து படித்தால் அவருடைய நடை நம் கையில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு அஞ்சி வாசிப்பை நிறுத்த வேண்டியதில்லை. அவர் எழுதியிராத இடமொன்றை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதுங்கள்: ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பருவம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறிய சரிவு, மாலையில் பறித்த பழத்தை எடைபோடும்போது மேஸ்திரிக்கும் கூலிப் பெண்ணுக்கும் எழும் வாக்குவாதம். எழுதியதை உரக்கப் படித்தால் கடன்வாங்கிய வாக்கியம் காதுக்குத் தெரிந்துவிடும். அதை மட்டும் அடித்துவிட்டு, அந்தப் பெண் தன் ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்வாள் என்று கேட்டு எழுதுங்கள்.

அந்த எழுத்தாளர் நம்மோடு வாழ்கிறவர் என்றால், இவற்றையெல்லாம் செய்து முடித்தபின் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பொதுவான புகழ்ச்சி வேண்டாம்; எந்தப் பக்கத்தில், எந்த வாக்கியத்தில் நின்றுவிட்டீர்கள் என்பதை மட்டும் சொன்னால் போதும்.