சிசேரியன் சாதக பாதகக் கட்டுரை: நான் சறுக்கிய இடம்

நர்சிங் இரண்டாம் ஆண்டில் "சிசேரியன்: சாதகமும் பாதகமும்" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேடம் ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பித் தந்தார்: "கேட்டது தராசு, நீ கொடுத்தது தீர்ப்பு." மறுபடி எழுதியபோது பிடிபட்டதை வரிசையாகச் சொல்கிறேன். முன்னுரை, முடிவுரை எல்லாம் பள்ளியிலேயே பழகியிருப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

படி 1: தாளை மடியுங்கள்

நீள நோட்டிலிருந்து ஒரு தாள், நடுவில் ஒரு மடிப்பு. இடப்பக்கம் சாதகம், வலப்பக்கம் பாதகம். போனில் குறிப்பெடுக்க வேண்டாம். அதில் பட்டியல் கீழே கீழே ஓடிக்கொண்டிருக்கும், எந்தப் பக்கம் காலியாகக் கிடக்கிறது என்பது கண்ணில் படாது. என் தாளில் பாதகம் 11, சாதகம் 2.

படி 2: சொல்லைச் சோதியுங்கள்

நான் விழுந்தது இங்கேதான். முதல் வரியிலேயே "சுகப்பிரசவமா, சிசேரியனா?" என்று கேட்டிருந்தேன். ஒன்றின் பெயரிலேயே சுகம் இருக்கிறது, அப்புறம் மற்றதற்கு என்ன மிச்சம்? 18 மணி நேரம் வலியில் துடித்து, கிழிந்து, தையல் போட்டாலும் அதற்குப் பெயர் சுகப்பிரசவம்தான். சரி, 'நார்மல்' என்று மாற்றினால்? இன்னொன்று நார்மல் இல்லை என்றாகிவிடுகிறது.

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரில் "ஆபரேசன் பண்ணி எடுத்தாங்க" என்பார்கள், பெற்றவளுக்கு அதில் பங்கே இல்லாத மாதிரி. அக்காவுக்குச் சிசேரியன் ஆன நாலாம் நாள் பெரியம்மா பார்க்க வந்தார். "உனக்கென்னம்மா, வலியில்லாம பெத்துட்ட" என்றார். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள், இருமல் வந்துவிட்டது. தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர இருமினாள். என் கட்டுரையும் பெரியம்மா குரலில்தான் பேசியிருந்தது.

இரண்டாவது முறை 'பிறப்பு வழிப் பிரசவம்', 'சிசேரியன் பிரசவம்' என்று இரண்டுக்கும் ஒரே எடையில் பெயர் வைத்தேன். பாதி வாக்கியங்கள் தானாகவே நேரானது போல இருந்தது.

படி 3: காலிப் பக்கத்தை முதலில் நிரப்புங்கள்

நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தால், பிரசவ நேரத்தில் குழந்தை குறுக்கே கிடந்தால், தொப்புள்கொடி முன்னால் நழுவி வந்துவிட்டால் கத்திதான் உயிரைக் காக்கும். இதை எழுதிவிட்டுப் பாதகத்துக்கு வாருங்கள்: கூடுதல் ரத்த இழப்பு, தொற்று, தேற நாளாவது. 39 வாரம் ஆகும் முன்பே தேதி குறித்து எடுத்தால் குழந்தைக்கு மூச்சுச் சிரமம் வரும் வாய்ப்பு கூடும். சிசேரியன்கள் கூடக் கூட, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டும் அபாயமும் ஏறும்.

அவசர சிசேரியனையும் திட்டமிட்டதையும் ஒரே பத்தியில் குழப்பாதீர்கள்.

படி 4: எண்ணை எண்ணாகவே வையுங்கள்

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் கிட்டத்தட்ட 64. இதைப் பார்த்ததும் "எல்லாம் பணத்துக்காக" என்று எழுதினேன். மேடம் அடிக்கோடிட்டு "காரணம் இதில் எங்கே?" என்று கேட்டார். பணமும் இருக்கலாம். முதல் பிரசவம் சிசேரியனாக இருந்திருக்கலாம், வலிக்குப் பயந்து கேட்டிருக்கலாம், ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரமாகவும் இருக்கலாம். எண் இடைவெளியைக் காட்டுமே தவிர, அதன் காரணத்தைச் சொல்லாது.

உலக சுகாதார நிறுவனம் 1985-இல் சொன்ன 10 முதல் 15 சதவீதமும் அப்படித்தான். அது மொத்த மக்கள்தொகைக்கான அளவு. சித்தேரி மலையிலிருந்து வலியோடு அரூருக்கு இறங்கும் ஒரு பெண்ணுக்கு அதை வைத்து முடிவு சொல்ல முடியாது.

பின்சேர்க்கை: ஓசூரிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். 'பிறப்பு வழிப் பிரசவம்' என்று எழுதியதற்கு, இப்படி ஒரு சொல்லே இல்லை என்று அவருடைய ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டாராம். முதல் முறை எழுதும்போது மட்டும் "பேச்சில் சுகப்பிரசவம் எனப்படும் பிறப்பு வழிப் பிரசவம்" என்று எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு பழைய சொல் வேண்டாம்.