மின்னஞ்சல் மென்பொருளில் மறையாக்கத்தைச் சேர்ப்பது எப்படி?

தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் மென்பொருளுக்கு முன்பு எனிக்மெயில் என்னும் செருகுநிரல் தேவைப்பட்டது. 2020-இல் வெளிவந்த 78-ஆம் பதிப்பு முதல் அஞ்சலை உரியவர் மட்டுமே படிக்கும்படி பூட்டும் ஓப்பன்பிஜிபி மறையாக்க வசதி உள்ளேயே இருக்கிறது. பிரவுசரில் அஞ்சல் பார்ப்போருக்கு மெயில்வெலப் நீட்சி பொருந்தும்.

நிறுவியதும் பொதுச்சாவி (அஞ்சலைப் பூட்ட), தனிச்சாவி (திறக்க) அடங்கிய சாவி இணை ஒன்றை உருவாக்கி, தனிச்சாவியை நீளமான கடவுச்சொற்றொடரால் பூட்டி, அதன் நகலைப் பென்டிரைவில் பத்திரப்படுத்துங்கள். தனிச்சாவி தொலைந்தால் உங்களுக்கு வந்த பழைய அஞ்சல்களை நீங்களே திறக்க இயலாது.

பிறருக்குப் பொதுச்சாவியை மட்டுமே அனுப்ப வேண்டும். அவர்களுடைய பொதுச்சாவி கிடைத்ததும், பொதுவாக 40 எழுத்தெண்கள் கொண்ட அதன் கைரேகையை, அதாவது சாவியின் அடையாளக் குறியீட்டை, அவர்களிடம் தொலைபேசியில் நான்கு நான்காக வாசிக்கச் சொல்லி, திரையில் தெரிவதோடு ஒப்பிடுங்கள். பலரும் தாண்டிச் செல்லும் இந்தப் படியையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். போலிச்சாவியைக் கொண்டு மறையாக்கினால், அஞ்சலைப் படிக்கப்போவது அந்தச் சாவியைத் தயாரித்தவரே.

அனுப்புநர், பெறுநர் முகவரிகள் மறைவதில்லை. பொருள்வரியும் பல நேரங்களில் வெளிப்படையாகவே செல்வதால், அதில் ரகசியம் எதையும் எழுதாதீர்கள்.