ஊருக்குள் மான் வந்துவிட்டால்

வெயில் ஏறினால் ஜவ்வாது மலையடிவார ஊர்களுக்குப் புள்ளிமான் தண்ணீர் தேடி இறங்கி வருவது வழக்கம்தான். அமிர்தி, ஒடுகத்தூர் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நாய் துரத்தும், வேலிக் கம்பியில் மாட்டும், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழும்.

முதலில் நாய்களை விரட்டுங்கள், அப்புறம் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை. மானுக்குக் காயத்தைவிடப் பயம்தான் எமன். மிரண்டு ஓடித் துள்ளிப் போராடினால் தசைகள் சிதைந்து, பெரிய அடி படாத மான்கூடச் சில நாட்களில் செத்துப்போகலாம். இதில் கட்டிப்பிடித்துப் போட்டோ வேறு!

எழ முடியாமல் கிடந்தால், கொம்புக்கும் காலுக்கும் எட்டாமல் முதுகுப் பக்கமாகப் போய், ஒரு துண்டைக் கண்ணை மறைக்கும்படி தளர்வாகப் போடுங்கள். மூக்கை மூடக் கூடாது. கண் இருண்டதும் உதறல் குறையும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

கிணறு என்றால் நீங்கள் இறங்க வேண்டாம். 101-க்கு அடித்தால் தீயணைப்புத் துறையினர் கயிறோடு வருவார்கள். உங்கள் வனச்சரக அலுவலக எண்ணை இப்போதே போனில் ஏற்றி வையுங்கள்.

இன்னொன்று: புதரில் குட்டி தனியாகப் படுத்திருந்தால், பாவம் என்று தூக்கி வந்துவிடாதீர்கள். தாய் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும்.