‘வேகமாக வளரும் நிறுவனம்’ என்றால் வாங்குகிற நமக்கு என்ன?

எங்கள் சமையலறையில் இருக்கும் ஆர்.ஓ. மிஷின் போன சித்திரையில் சொட்டுச் சொட்டாக வடிய ஆரம்பித்தது. ஒரு குடம் நிறைய அரை நாள் ஆனது. கம்பெனி எண்ணுக்குக் கூப்பிட்டோம். ‘48 மணி நேரத்தில் ஆள் வருவார்’ என்று குறுஞ்செய்தி வந்தது. ஆள் வந்தது 17-ஆம் நாள். அதுவரை கேன் தண்ணீர்தான்.

வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். குழாயை மூடி, மூடியைக் கழற்றி, செம்மண் நிறத்தில் இருந்த ஃபில்டரை எடுத்துக் காட்டினான். மெம்பிரேனும் போயிருந்தது. மோர் கொடுத்துவிட்டு, ஏன் தம்பி இத்தனை நாள் என்று கேட்டேன். “நான் சேரும்போது ஒரு நாளைக்கு அஞ்சு வீடுங்க அக்கா. இப்போ பன்னெண்டு. ஆளு மட்டும் அதே நாலு பேருதானுங்க” என்றான்.

அவன் கழற்றி வைத்த மூடியில் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ‘தமிழகத்தில் மிக வேகமாக வளரும் பிராண்ட்.’ அந்த வரியைப் பார்த்துத்தான் நான் வாங்கினேன். நிறையப் பேர் வாங்குகிறார்கள், அப்படியானால் நல்ல பொருளாகத்தான் இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். அந்த வரி பொய்யும் இல்லை. அஞ்சு வீடு பன்னெண்டு ஆனது அந்த வளர்ச்சியால்தான். 17 நாள் நான் காத்திருந்ததும் அதே வளர்ச்சியால்தான்.

அதன் பிறகு எந்த விளம்பரத்தில் ‘வளர்ச்சி’ என்ற சொல்லைப் பார்த்தாலும் கொஞ்சம் நின்று படிக்கிறேன். நான் செய்த தவறுகளும், சுற்றியிருப்பவர்கள் செய்து பார்த்த தவறுகளும் இவை.

எத்தனையிலிருந்து எத்தனை என்று கேட்காமல் சதவீதத்தை நம்புவது

‘ஒரே ஆண்டில் 300 சதவீத வளர்ச்சி’ என்று போட்டிருக்கும். பத்துப் பேர் வாங்கிய பொருளை அடுத்த வருடம் நாற்பது பேர் வாங்கினால் 300 சதவீதம். பத்து லட்சம் பேர் வாங்கியதைப் பதினொரு லட்சம் பேர் வாங்கினால் வெறும் 10 சதவீதம். ஆனால் அங்கே புதிதாக வந்தவர்கள் ஒரு லட்சம் பேர். ஆகவே ‘மிக வேகமாக வளரும்’ என்று சொல்லிக்கொள்வது பெரும்பாலும் சின்ன, புதிய நிறுவனமாகவே இருக்கும்.

புதிய நிறுவனம் என்பது குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு வருடம் முன்பு தொடங்கிய கம்பெனி பத்து வருட வாரண்டி தருகிறது என்றால், அந்த வாரண்டியின் ஒன்பதாம் வருடத்தை அதன் வாடிக்கையாளர் ஒருவர்கூட இன்னும் பார்க்கவில்லை. சோலார் பேனல், இன்வெர்ட்டர் பேட்டரி, மின்சார ஸ்கூட்டர் மாதிரி பல வருடம் ஓட வேண்டிய பொருள் வாங்கும்போது இது முக்கியம்.

பதிவு செய்தவர்களை எல்லாம் பயன்படுத்துபவர்கள் என்று நினைப்பது

மொபைல் சேவையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் மாதாமாதம் வெளியிடும் அறிக்கையில், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மொத்த இணைப்பு எத்தனை என்று ஒரு எண் இருக்கும். அதோடு, உண்மையிலேயே நெட்வொர்க்கில் உயிரோடு இருக்கும் இணைப்பு எத்தனை என்று வி.எல்.ஆர். கணக்கும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்காது. டிராயரில் கிடக்கும் பழைய சிம்மும் மொத்தக் கணக்கில் ஒரு ‘வாடிக்கையாளர்’தான்.

மற்ற பல துறைகளில் இப்படி இரண்டாவது எண்ணைத் தேடி எடுத்துப் போட யாரும் இல்லை. ‘ஒரு கோடி பேரின் நம்பிக்கை’ என்றால் ஒரு கோடி பேர் செயலியை இறக்கினார்களா, காசு கொடுத்தார்களா, இன்றைக்கும் வைத்திருக்கிறார்களா? ஆன்லைனில் பாடம் நடத்திய பைஜூஸ் நிறுவனம் 15 கோடி மாணவர்கள் பதிவு செய்திருப்பதாகச் சொன்னது. பணம் கட்டிப் படித்தவர்கள் அதில் சிறு பங்குதான். 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று பேசப்பட்டது. அதே ஆண்டு, ரொம்பத் தாமதமாக வெளிவந்த 2020-21 கணக்கில் நஷ்டம் 4,500 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. 2024 ஜூலையில் பெங்களூரு கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதன்மீது திவால் நடவடிக்கையைத் தொடங்கிவைத்தது. மதிப்பு, முதலீடு, விற்றுமுதல் இவையெல்லாம் முதலீட்டாளருக்குச் சொல்லும் சேதி. பிள்ளைக்குக் கணக்குப் புரிந்ததா என்று கேட்கும் பெற்றோருக்கு அதில் பதில் இல்லை.

நிறைய விற்கிறது, அதனால் தரமாக இருக்கும் என்று முடிவுகட்டுவது

என் தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டொயோட்டாவைத் தரத்துக்கு இலக்கணமாகச் சொன்ன காலம் உண்டு. 2008-ல் அது ஜெனரல் மோட்டார்ஸைத் தாண்டி உலகிலேயே அதிகம் விற்கும் கார் நிறுவனம் ஆனது. அடுத்த இரண்டு வருடத்துக்குள், ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொள்ளும் புகார்களால் லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. 2010 பிப்ரவரியில் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் உட்கார்ந்து விளக்கம் சொன்னார். எங்கள் வழக்கப்படி முதலில் பாதுகாப்பு, அடுத்து தரம், மூன்றாவதுதான் எண்ணிக்கை; அந்த வரிசை குழம்பிவிட்டது என்றார். ஆட்களையும் அமைப்பையும் வளர்க்க முடிந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் வளர்ச்சியைத் துரத்திவிட்டோம் என்றும் ஒப்புக்கொண்டார்.

இதை நான் முதலில் படித்தபோது அந்த ஆர்.ஓ. பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். அவன் மோரைக் குடித்துக்கொண்டே சொன்னதும் அதையேதான். விற்பனை ஒரே மாதத்தில் இரட்டிப்பாகலாம். ஒரு நல்ல மெக்கானிக்கை உருவாக்க ஒன்றிரண்டு வருடமாவது ஆகும். அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்வது வாடிக்கையாளர்.

சில இடங்களில் வளர்ச்சி எண்ணே வாடிக்கையாளரைக் கறந்து வந்ததாகவும் இருக்கும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுச் சேவை என்று இலக்கு வைத்து ஊழியர்களை விரட்டியது. ஒருவருக்கு இத்தனை சேவை விற்கிறோம் என்று பெருமையாக அறிவித்தும் வந்தது. இலக்கை எட்ட முடியாத ஊழியர்கள், வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்கும் கார்டும் திறந்தார்கள். 2016-ல் வெளியே வந்தபோது அப்படிப்பட்டவை சுமார் 20 லட்சம் இருக்கலாம் என்றார்கள். பிறகு அது 35 லட்சம் ஆனது. 2016-ல் போட்ட அபராதம் 18.5 கோடி டாலர். நம் ஊரில் லோன் கேட்டுப் போனவரிடம் இன்ஷூரன்ஸும் எடுத்தால்தான் நடக்கும் என்று அழுத்துகிறார்களே, அந்த பாலிசியும் ஏதோ ஒரு வளர்ச்சி விளம்பரத்தில் ஒரு எண்ணாகச் சேரும்.

வளர்கிற இடத்தில் பணம் பத்திரம் என்று நம்புவது

ஈரோட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு 2012 மறக்காது. பெருந்துறையை மையமாக வைத்து ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் ஊர் ஊராகப் பரவின. பணம் கட்டினால் குஞ்சு தருவார்கள், கொட்டகை போட்டுத் தருவார்கள், மாதாமாதம் பராமரிப்புக்குப் பணம் வரும். எங்கள் உறவிலும் சேர்ந்தார்கள். ‘பாரு, எத்தனை கிளை திறந்துட்டாங்க, சும்மாவா?’ என்பதுதான் அன்றைக்கு எல்லோரும் சொன்ன நியாயம். ஈமு கறிக்கும் எண்ணெய்க்கும் சந்தை எங்கே என்று கேட்டவர்கள் குறைவு. புதிதாகச் சேர்கிறவர் கட்டும் பணத்தில் பழையவருக்குக் கொடுக்கும் திட்டத்தில், வளர்ச்சி நின்ற அன்றே எல்லாம் நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் கிளை பெருகப் பெருக, பணத்தை இழக்கப்போகிறவர்களும் பெருகுகிறார்கள்.

முறையாக உரிமம் பெற்ற வங்கியிலும் வேகத்தை மட்டும் பார்த்துப் போகக் கூடாது. 2004-ல் தொடங்கிய யெஸ் வங்கி கடன் கொடுப்பதில் மளமளவென்று வளர்ந்தது. வாராக்கடன் கழுத்தை நெரித்தபோது, 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. சுமார் இரண்டு வாரம் ஒரு ஆளுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் இருந்தது. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பணம் போடுகிற நமக்கு வளர்ச்சி வீதத்தைவிட இந்த எண்தான் வேலைக்கு ஆகும்.

நட்சத்திரக் குறியைத் தாண்டிப் போவது

பெரிய எழுத்தில் ‘நம்பர் 1’ என்று இருக்கும், பக்கத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரம். கீழே எறும்பு அளவு எழுத்தில் எந்தப் பிரிவில், எந்த மாவட்டத்தில், எந்த மூன்று மாதத்தில் என்று இருக்கும். போனில் பெரிதாக்கிப் படியுங்கள், பாதி விஷயம் அங்கே இருக்கிறது.

கோச்சிங் சென்டர் விளம்பரங்களில் இது பிள்ளைகளின் வாழ்க்கையைத் தொடுவதால் எனக்குக் கோபமே வரும். ‘இந்த ஆண்டு யு.பி.எஸ்.சி.யில் எங்கள் மாணவர்கள் இத்தனை பேர், போன ஆண்டைவிட இத்தனை மடங்கு’ என்று பேனர் வைக்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது, அப்படிக் கணக்கில் காட்டப்பட்ட மாணவர்களில் பலர் கடைசி நேரத்தில் மாதிரி நேர்காணல் பயிற்சிக்கு மட்டும் வந்தவர்கள் என்று தெரிந்தது. முதல்நிலைத் தேர்வும் முதன்மைத் தேர்வும் அவர்களே படித்துத் தாண்டியது. முழுப் படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டப்போகும் குடும்பத்துக்கு இது தெரியாது. 2024 நவம்பரில் இதற்கென்றே நெறிமுறைகள் வந்தன: தேர்வானவர் எந்தப் படிப்பில், எத்தனை நாள் இருந்தார் என்று சொல்லியாக வேண்டும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் போட 2019 நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. புகார் சொல்ல 1915 என்ற எண் போதும்.

சரி, எந்த வளர்ச்சியுமே நமக்கு உதவாதா? உதவும். நிறையக் கடைகள் ஏற்கும் பணப்பரிமாற்றச் செயலி, ஊருக்கு ஊர் சர்வீஸ் சென்டர் திறக்கும் வண்டிக் கம்பெனி, உதிரி பாகம் எல்லாக் கடையிலும் கிடைக்கும் போன், இவை வளர வளர நமக்கு லாபம். வித்தியாசம் எது வளர்ந்தது என்பதில் இருக்கிறது. வாங்கியவர்கள் மட்டும் பெருகினார்களா, பார்த்துக்கொள்ளும் ஆட்களும் பெருகினார்களா?

எங்கள் மாமியார் வீட்டுக்குப் போன மாதம் வாஷிங் மெஷின் வாங்கினோம். கடைக்காரர் விற்பனை எண்ணைச் சொல்ல ஆரம்பித்தார். நான் இரண்டே கேள்வி கேட்டேன்: இந்த ஊரில் உங்களுக்கு எத்தனை சர்வீஸ் ஆள், போன வருடம் எத்தனை? அவருக்குத் தெரியவில்லை. அங்கேயே போன் போட்டுக் கேட்டார். போன வருடம் மூன்று, இப்போது ஆறு என்று பதில் வந்தது. அப்புறம் எதிர்வீட்டில், மூன்று வருடம் முன்பு அதே மாடல் வாங்கியவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வந்து பில் போட்டோம்.