ஹைப்பாக்சியா இன்குபேட்டர் இல்லாமல் ஹிஃப்-1 ஆல்பாவைக் காண்பது எப்படி?

ஆக்சிஜனை 1 சதவீதத்துக்குக் குறைத்து வைக்கும் ஹைப்பாக்சியா இன்குபேட்டர் எங்கள் ஆய்வகத்தில் இல்லை. ஆகவே, ஆக்சிஜன் குறையும்போது செல்கள் காட்டும் எதிர்வினையை வேதித் தடுப்பான்களைக் கொண்டு தூண்டும் வழியை நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் நான்கு முறை வெற்றுச் சவ்வைப் பார்த்த பிறகு, ஐந்தாம் முறைதான், ஆக்சிஜன் குறையும்போது செல்லின் மரபணுக்களை இயக்கும் புரதமான ஹிஃப்-1 ஆல்பாவின் பட்டை தெரிந்தது. செல் வளர்ப்பும் வெஸ்டர்ன் பிளாட்டும் ஓரளவு பழகிய, ஆனால் இந்தப் புரதத்தை முதன்முறையாகத் தொடுகிற மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஆக்சிஜன் போதிய அளவில் இருக்கும்போது, பிஎச்டி எனப்படும் புரோலில் ஹைட்ராக்சிலேஸ் நொதிகள் ஹிஃப்-1 ஆல்பாவின் 402, 564 ஆம் இடங்களிலுள்ள புரோலின்களில் ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்க்கின்றன. அந்த அடையாளத்தைப் பற்றிக்கொண்டு விஎச்எல் புரதம் யூபிகுவிட்டின் என்ற சிதைவுக் குறியின் இணைப்புக்கு வழிசெய்ய, செல்லின் புரதச் சிதைப்பு அமைப்பான புரோட்டியசோம் ஹிஃப்பைச் சிதைத்துவிடுகிறது. 2019 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை வில்லியம் கெய்லின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகியோருக்குப் பெற்றுத் தந்தது இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த பணியே. நொதி வேலை செய்ய ஆக்சிஜனுடன் இரும்பு அயனியும் 2-ஆக்சோகுளுட்டரேட்டும் வேண்டும் என்பதால், பின்னைய இரண்டில் ஒன்றின் வழியை அடைத்தாலும் ஆக்சிஜன் இருக்கும்போதே ஹிஃப் நிலைத்து நிற்கும். நாம் தடுப்பது நொதியை. ஆகவே தடுப்பானைச் சேர்த்தால் ஹிஃப் கூடும். ஹிஃப்பையே தடுக்கும் பொருள்கள் வேறு வகை. ஹிஃப்-2 ஆல்பாவைத் தடுக்கும் பெல்சுடிஃபான் அவற்றுள் ஒன்று.

முதல் படி, தடுப்பானைத் தேர்தல். பலரும் கோபால்ட் குளோரைடில் தொடங்குகிறார்கள், ஏனெனில் அது மலிவானது, நீரில் கரையும். ஆனால் அது செல்லில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் உண்டாக்குவதால், அதை மட்டுமே நம்பி எழுதப்பட்ட முடிவுகளை நான் ஐயத்துடனேயே படிக்கிறேன். டிஎம்ஓஜி என்ற இன்னொரு தடுப்பான் 2-ஆக்சோகுளுட்டரேட்டைப் போல நடிப்பது. அதே துணைப்பொருளை நாடும் ஹிஸ்டோன் டிமெத்திலேஸ்களையும் அது சேர்த்தே தடுக்கும். என் விருப்பம் ரோக்சாடுஸ்டாட். 2018 டிசம்பரில் சீனாவில் சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு ஒப்புதல் பெற்ற அந்த மருந்து, பிஎச்டி நொதிகளை ஒப்பீட்டளவில் குறிவைத்துத் தடுக்கிறது. அதனுடன், இரும்பைக் கவர்ந்துகொள்ளும் டெஃபெராக்சமினையும் தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேதியியலால் வேறுபட்ட இரண்டு பொருள்கள் ஒரே விளைவைத் தந்தால்தான் அது ஹிஃப் வழியாக வந்ததென்று ஓரளவு துணிந்து சொல்ல முடியும்.

இரண்டாம் படி, கரைசல்கள். ரோக்சாடுஸ்டாட் 17.6 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ கரைப்பானில் கரைத்தால் 50 மில்லிமோலார் கிடைக்கும். ஊடகத்தின் ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் இதில் 1 மைக்ரோலிட்டர் சேர்த்தால் 50 மைக்ரோமோலாரும் 0.1 சதவீத டிஎம்எஸ்ஓவும் ஆகும். அதே அளவு டிஎம்எஸ்ஓ மட்டும் பெற்ற கட்டுப்பாட்டுக் கிண்ணம் கட்டாயம் வேண்டும். டெஃபெராக்சமினை நீரில் கரைத்து 100 மைக்ரோமோலாராகக் கொடுங்கள். கோபால்ட்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் புட்டியில் ஹெக்சாஹைட்ரேட் என்று எழுதியுள்ளதா எனப் பாருங்கள். அதன் மூலக்கூறு எடை 237.93, நீரற்றதன் எடை 129.84. பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசலான பிபிஎஸ்ஸில் கரைத்தால் பாஸ்பேட்டுடன் சேர்ந்து வீழ்படிவாகும், ஆகவே நீரில்தான் கரைக்க வேண்டும். கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

மூன்றாம் படி எளிது. ஆறு குழித் தட்டில் குழிக்கு 3 லட்சம் ஹீலா செல்களை முந்தைய நாளே விதைத்து, மறுநாள் மருந்தைச் சேர்த்து 6 மணி நேரம் வையுங்கள். டெஃபெராக்சமின் செல்லுக்குள் மெதுவாகவே நுழைவதால் அதற்கு 16 மணி நேரம் கொடுக்கிறேன். செல்கள் இடைவெளியின்றி நெருக்கமாக வளர்ந்துவிட்டால், அவையே சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தின்று, கட்டுப்பாட்டுக் கிண்ணத்திலும் ஹிஃப்பைத் தோன்றச் செய்யும்.

நான்காம் படியில்தான் என் நான்கு முயற்சிகளும் வீணாயின. மருந்துள்ள ஊடகத்தை நீக்கி, பிபிஎஸ்ஸால் இருமுறை கழுவி, செல்களைத் தட்டிலிருந்து பிரிக்கும் டிரிப்சின் சேர்த்து, அவற்றைத் திரட்டி, சுழற்றிப் படியவைத்த பிறகே உடைத்துக்கொண்டிருந்தேன். இதற்கு ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் ஆனது. சாதாரண ஆக்சிஜனில் ஹிஃப்-1 ஆல்பாவின் அரை ஆயுளோ ஏறக்குறைய 5 நிமிடம். கழுவியதால் தடுப்பானிலிருந்து விடுபட்ட நொதிகள், நான் குழாய்களுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த வேளையில் புரதத்தைச் சிதைப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. இப்போது டிரிப்சினைத் தொடுவதே இல்லை. ஊடகத்தை உறிஞ்சியதும், குளிர்ந்த பிபிஎஸ்ஸை ஒரே ஒரு முறை ஊற்றி உடனே உறிஞ்சிவிட்டு, புரதங்களைக் குலைக்கும் சோப்புப் பொருளான எஸ்டிஎஸ் 2 சதவீதம் உள்ள, 95 பாகைக்குச் சூடேற்றிய பஃபரைத் தட்டிலேயே நேராக ஊற்றிச் சுரண்டி எடுக்கிறேன். கொதிநிலையை நெருங்கிய எஸ்டிஎஸ்ஸில் நொதிகள் உடனே செயலிழப்பதால் புரதம் அந்தக் கணத்தில் இருந்தபடியே நின்றுவிடும். டிஎன்ஏவால் சாறு கொழகொழப்பாகும்; மெல்லிய ஊசியில் பத்து முறை ஏற்றி இறக்கினால் இளகும். ஒரு நேரத்தில் ஒரு குழியை மட்டும் முடித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். பிசிஏ முறையில் புரதத்தை அளக்க வேண்டியிருப்பதால், அந்த அளவீட்டைக் குழப்பும் டிடிடியையும் நீலச் சாயத்தையும் அளந்த பின்னரே சேர்க்க வேண்டும்.

ஐந்தாம் படி, பிளாட். 8 சதவீத ஜெல்லில் 40 மைக்ரோகிராம் ஏற்றுகிறேன். அமினோ அமில வரிசையின்படி எடை 93 கிலோடால்டன் என்றாலும் பட்டை 110 முதல் 120 வரையிலேயே தெரியும்; அதைப் பார்த்து ஆன்டிபாடி தவறென்று எறிந்துவிடாதீர்கள். ஏற்ற அளவைச் சரிபார்க்க ஜிஏபிடிஎச் வேண்டாம், ஏனெனில் பல செல் வகைகளில் அதுவே ஹிஃப் தூண்டும் மரபணு. நான் டியூபுலினைப் பயன்படுத்துகிறேன்.

பின்சேர்க்கை: இதைப் பின்பற்றிய ஒரு மாணவி, பஃபர் வெள்ளையாக உறைந்துவிட்டதென்று எழுதினார். பழக்கத்தால் அவர் குழாயைப் பனிக்கட்டியில் வைத்திருக்கிறார். எஸ்டிஎஸ் குளிரில் வீழ்படிவாகும். அறை வெப்பநிலையில் வைத்து, மீண்டும் சூடேற்றினால் கரைந்துவிடும்.

இரண்டாவது பின்சேர்க்கை: எம்ஆர்என்ஏவை அளக்கும் கியூபிசிஆரில் ஹிஃப்1ஏ மரபணு கூடவில்லையே என்று இருவர் கேட்டிருந்தார்கள். தடுப்பான்கள் மாற்றுவது புரதத்தின் சிதைவைத்தான், அதன் எம்ஆர்என்ஏ அளவை அல்ல. அளக்க வேண்டியவை ஹிஃப் இயக்கும் விஇஜிஎஃப்ஏ, சிஏ9 போன்ற மரபணுக்கள். அவற்றுக்கு 16 மணி நேரமாவது கொடுங்கள். எம்ஜி132 சேர்த்தாலும் ஹிஃப் பட்டை தடிக்கிறதே, அதையே பயன்படுத்தலாமா என்பது இன்னொரு கேள்வி. அது தடுப்பது புரோட்டியசோமை; அங்கே சேர்வது ஹைட்ராக்சில் ஏற்கெனவே ஏறிய ஹிஃப். ஹைட்ராக்சில் ஏறிய 564 ஆம் புரோலினை மட்டும் அறியும் ஆன்டிபாடியால் அதே மாதிரிகளை மீண்டும் சோதித்தால், எம்ஜி132 குழியில் பட்டை தெரியும், ரோக்சாடுஸ்டாட் குழியில் தெரியாது அல்லது மிக மங்கலாக இருக்கும். மருந்து உண்மையில் பிஎச்டி நொதியைத்தான் தடுத்ததா என்பதை நான் இப்போது இந்த ஒரு சோதனையைக் கொண்டே உறுதிசெய்கிறேன்.